ஒஃபீலியா இன்னும் ஏன் செல்போன் உறைமேல் மிதக்கிறாள்?

கூழாங்கல்:

போன மாதம் லண்டனில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை டேட் பிரிட்டன் ஓவியக்கூடத்துக்குக் கூட்டிப்போனார்கள். ஓவியம் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரிய பெரிய படங்களை எல்லாம் தாண்டிக்கொண்டே போனோம், ஒரு படத்துக்கு முன்னால் மட்டும் ஆட்கள் நகரவே இல்லை. மில்லே வரைந்த ஒஃபீலியா. ஹாம்லெட் நாடகத்தில் சித்தம் கலங்கி ஓடையில் விழுந்து சாகிற பெண். புல்லும் பூவுமாக இருக்கிற தண்ணீரில் வாயை லேசாகத் திறந்தபடி மல்லாந்து மிதக்கிறாள். நேரில் படம் சின்னது, நாலடி அகலம்கூட இல்லை. வெளியே கடைக்கு வந்தால் அதே பெண் செல்போன் உறையில், தேநீர்க் கோப்பையில், துணிப்பையில். பதினாறு வயது அக்கா மகள் உறையை வாங்கிக்கொண்டாள். ஷேக்ஸ்பியரில் ஒரு வரி படித்தவள் இல்லை. ஏன்டி இதைப் போய் வாங்கினாய் என்றால், "அழகா இருக்கு மாமா, ஆனா என்னமோ சரியில்லாத மாதிரியும் இருக்கு" என்றாள்.

1852-இல் காட்சிக்கு வைத்த படம். அந்தக் காலத்து விக்டோரிய ஓவியர்கள் பலபேர் பெயர்கூட இன்று யாருக்கும் தெரியாது. இந்த பிரீ-ராஃபேலைட் கும்பல் மட்டும் எப்படித் தப்பித்தது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழையபேனா:

கும்பல் என்றது சரியான வார்த்தைதான். 1848 செப்டம்பரில் லண்டன் கவர் தெருவில், மில்லேயின் அப்பா அம்மா வீட்டில் கூடி ஆரம்பித்தார்கள். மில்லேக்கு 19 வயது, டான்டே கேப்ரியல் ரோசெட்டிக்கு 20, ஹோல்மன் ஹன்ட்டுக்கு 21. மொத்தம் ஏழு பேர், அதில் ஒருவர் சிற்பி, இரண்டு பேர் பிற்பாடு தூரிகையைவிடப் பேனாவைத்தான் அதிகம் பிடித்தவர்கள். அவர்கள் படித்த ராயல் அகாதமி ஓவியப் பள்ளியில் பழைய இத்தாலிய ஓவியர் ராஃபேலைத் தெய்வமாக வைத்து, அதே கோணம், அதே முக்கோண அமைப்பு, அதே பழுப்பு நிறம் என்று சொல்லிக்கொடுத்ததில் பையன்களுக்குக் கடுப்பு. அகாதமியின் முதல் தலைவர் சர் ஜோஷுவா ரெனால்ட்ஸுக்கு "சர் ஸ்லோஷுவா" என்று பட்டப்பெயர் வைத்தார்கள், வண்ணத்தைக் குழப்பி அடித்தவர் என்கிற கேலி. ராஃபேலுக்கு முந்திய இத்தாலியர்களின் நேர்மை வேண்டும் என்றார்கள். வேடிக்கை என்னவென்றால் அந்த இத்தாலிய ஓவியங்களில் பெரும்பாலானவற்றை அவர்கள் நேரில் பார்த்ததே இல்லை, பைசா நகரத்துச் சுவரோவியங்களைச் செதுக்கி அச்சிட்ட ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டுதான் இவ்வளவு ஆர்ப்பாட்டமும்.

படத்தின் மூலையில் பெயரோடு பி.ஆர்.பி. என்று மூன்று எழுத்துப் போடுவார்கள். பிரீ-ராஃபேலைட் பிரதர்ஹுட், அதாவது சகோதரக் குழு என்கிற அதன் அர்த்தம் 1850-இல் வெளியே கசிந்ததும் அடி விழுந்தது. மில்லே வரைந்த தச்சுப்பட்டறை இயேசு படத்தை சார்லஸ் டிக்கன்ஸ் தன் பத்திரிகையில் கிழித்துத் தொங்கவிட்டார். குழந்தை இயேசு அவலட்சணமாம், மாதா சாராயக் கடையில் நிற்கவேண்டியவளாம். இவ்வளவு சத்தம் கேட்டு விக்டோரியா மகாராணியே படத்தை அரண்மனைக்கு வரவழைத்துப் பார்த்தார். அடுத்த வருடம் கலை விமர்சகர் ஜான் ரஸ்கின் டைம்ஸ் பத்திரிகைக்குக் கடிதம் எழுதிக் காப்பாற்றாவிட்டால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

தையல்கடை:

வரலாறு எல்லாம் சரி சார். கேள்விக்குப் பதில் ரொம்பச் சின்னது. நீளக் கூந்தல், பெரிய கண், சோகம், பட்டுப் பாவாடை. எந்தக் காலத்திலும் விற்கும். நம் வீட்டுக் காலண்டரில் லட்சுமி எப்படியோ அப்படி அவர்களுக்கு இது. இதற்குப் போய் இவ்வளவு தத்துவம் எதற்கு?

மழைக்காகிதம்:

தையல்கடை அண்ணே, நீங்கள் படத்தை உறையில்தான் பார்த்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். முகத்தை ஒரு கையால் மறைத்துவிட்டுச் சுற்றி இருப்பதை மட்டும் பாருங்கள். நான் எண்ணெய் வண்ணத்தில் வேலை செய்கிறவள், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காலத்து வழக்கம் என்னவென்றால் கித்தானில் முதலில் பழுப்போ அடர்நிறமோ பூசி, அதன்மேல் வெளிச்சத்தைக் கொண்டுவருவது. இவர்கள் அதைத் தலைகீழாக்கினார்கள். வெள்ளைத் தளம். அன்றைக்கு முடிக்கப்போகிற உள்ளங்கையளவு இடத்தில் மட்டும் இன்னொரு தடவை வெள்ளையைப் பூசி, அது காயும் முன்பே, சின்னத் தூரிகையால் மெல்லிய கண்ணாடி மாதிரியான வண்ணத்தை வைத்தார்கள். அடியில் இருக்கிற வெள்ளை வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புவதால்தான் அந்தப் பச்சை இன்றைக்கும் நேற்று மழை பெய்த மாதிரி இருக்கிறது. ஒரு தப்பு நடந்தால் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டியதுதான்.

ஒஃபீலியாவின் ஓடை கற்பனை இல்லை. சர்ரேயில் ஹாக்ஸ்மில் என்கிற சின்ன ஆறு. 1851-இல் கோடை தொடங்கி குளிர் வரும்வரை ஏறக்குறைய ஐந்து மாதம், ஒரு நாளைக்குப் பதினோரு மணிநேரம், வாரத்துக்கு ஆறு நாள் கரையில் உட்கார்ந்து வரைந்தார். ஈ கடிக்கிறது, காற்று குடையைத் தள்ளுகிறது, வயலுக்குள் புகுந்து வைக்கோல்புல்லை நாசமாக்கியதற்கு மாஜிஸ்ட்ரேட்டிடம் இழுப்பேன் என்று ஒருவர் மிரட்டுகிறார் என்று கடிதத்தில் புலம்பியிருக்கிறார். ஆனால் ஐந்து மாதத்தில் ஒரு பூ மலர்ந்து இன்னொன்று உதிர்ந்துவிடும் இல்லையா? அதனால்தான் படத்தில் ஒரே நேரத்தில் பூக்கவே பூக்காத பூக்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ஒவ்வொரு பூவும் அச்சு அசல், மொத்தமாகப் பார்த்தால் உலகத்தில் எங்கேயும் இல்லாத ஒரு நாள். உங்கள் அக்கா மகள் "என்னமோ சரியில்லாத மாதிரி" என்றாளே, அவள் கண்ணுக்குப் பட்டது இதுதான் என்பேன். கனவை மங்கலாக வரைவது எல்லாரும் செய்கிற வேலை, இவர்கள் கனவைப் பூதக்கண்ணாடி வைத்து வரைந்தார்கள்.

கூழாங்கல்:

அம்மாடி. அந்தப் பெண்ணும் ஐந்து மாதம் ஆற்றில் கிடந்தாளா?

மழைக்காகிதம்:

இல்லை, இல்லை. இடம் முதலில், ஆள் பிறகு. கித்தானில் நடுவில் வெற்றிடம் விட்டு லண்டனுக்குக் கொண்டுவந்து, குளிர்காலத்தில் எலிசபெத் சிடால் என்கிற மாடல் பெண்ணை ஒரு குளியல் தொட்டியில் படுக்கவைத்து வரைந்தார். வெள்ளி நூல் வேலைப்பாடு செய்த பழைய கவுன் ஒன்றை நாலு பவுண்டுக்கு வாங்கி உடுத்தச் சொன்னார். தண்ணீர் ஆறாமல் இருக்கத் தொட்டிக்கு அடியில் எண்ணெய் விளக்கு. ஒருநாள் விளக்கு அணைந்துபோனது, மில்லே வேலை மும்முரத்தில் கவனிக்கவில்லை, அவளும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கடுமையான சளி. அவளுடைய அப்பா ஐம்பது பவுண்டு கேட்டு வழக்குப் போடுவேன் என்று கடிதம் எழுத, கடைசியில் மில்லே வைத்தியச் செலவை ஏற்றுக்கொண்டார்.

வேப்பம்பூ:

இந்த இழையில் யாராவது சிடால் பெயரை எடுப்பார்கள் என்றுதான் காத்திருந்தேன். "அவளும் ஒரு வார்த்தை சொல்லவில்லை." இதைச் சொல்லும்போது எல்லாரும் ஏதோ அர்ப்பணிப்பு மாதிரிச் சொல்கிறார்கள். தொப்பிக் கடையில் வேலை பார்த்த, இருபத்திரண்டு வயதுப் பெண். மாடலாக உட்கார்ந்தால் வருமானம். வாயைத் திறந்தால் வேலை போகும், அதனால் பேசவில்லை என்று ஏன் யாருக்கும் தோன்றுவதில்லை?

அவள் படம் வரைந்தாள், கவிதை எழுதினாள். 1855-இல் ரஸ்கின் அவள் வரைவதை எல்லாம் வாங்கிக்கொள்வதாகச் சொல்லி வருடத்துக்கு 150 பவுண்டு கொடுத்தார். அவளைக் காதலித்த ரோசெட்டி அவள் குடும்பப் பெயரின் கடைசியில் இரண்டு எல் இருந்ததைக்கூட ஒன்றாகக் குறைத்துவிட்டார், பார்க்க அழகாக இருக்குமாம். பத்து வருடம் இழுத்தடித்து 1860-இல்தான் கல்யாணம். அடுத்த வருடம் குழந்தை இறந்தே பிறந்தது. 1862 பிப்ரவரியில் லாடனம் என்கிற அபின் மருந்து அளவுக்கு மிஞ்சிச் செத்துப்போனாள். ரோசெட்டி துக்கத்தில் தன் கவிதைக் கையெழுத்துப் பிரதியை அவள் சவப்பெட்டியில் வைத்துப் புதைத்தார். ஏழு வருடம் கழித்து கவிதைப் புத்தகம் போடவேண்டும் என்று ஆசை வந்ததும், 1869 அக்டோபரில் ராத்திரியோடு ராத்திரியாக ஹைகேட் கல்லறையைத் தோண்டி எடுக்க ஆள் அனுப்பினார். அவர் போகவில்லை. புழு அரித்த தாளை மருந்து போட்டுச் சுத்தம் செய்து, 1870-இல் புத்தகம் வந்தது. போனவர்களில் ஒருவர், அவள் கூந்தல் வளர்ந்து பெட்டியை நிரப்பியிருந்தது என்று கதை கட்டிவிட்டார். செத்த பிறகும் அவளை மாடலாகவே உட்காரவைத்திருக்கிறார்கள்.

ஈர்ப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டால் இந்தச் சாவுக் கதையில்தான் பாதி இருக்கிறது. அதை ரசிப்பதற்கு எனக்குக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் நானும் அந்தக் கதையைத் தேடித் தேடிப் படித்தவள்தான்.

பழையபேனா:

வேப்பம்பூ சொன்னதை அந்தக் குடும்பத்துக்குள்ளேயே ஒருத்தி அப்போதே சொல்லிவிட்டாள். ரோசெட்டியின் தங்கை கிறிஸ்டினா 1856-இல் எழுதிய பதினான்கு வரிக் கவிதை, ஓவியனின் அறைக்குள் போய்ப் பார்ப்பது போல. எல்லாப் படத்திலும் ஒரே முகம் எட்டிப் பார்க்கிறது, ராணியாக, தேவதையாக, புனிதவதியாக. ராப்பகலாக அவன் அந்த முகத்தைத் தின்றுகொண்டிருக்கிறான் என்று வருகிறது. கடைசியில், அவள் இருக்கிறபடி இல்லை, அவன் கனவில் நிறைகிறபடி என்று முடிப்பாள். அண்ணனைப் பற்றித் தங்கை எழுதியது. கவிதை அச்சில் வந்தது 1896-இல், எழுதியவள் செத்து இரண்டு வருடம் கழித்து.

என் கணக்கில் இந்தக் கூட்டத்தில் பெரிய கவி கிறிஸ்டினாதான், அண்ணன் இல்லை. அவளைச் சகோதரக் குழுவில் சேர்க்கவில்லை, பெயரிலேயே சகோதரர்கள் மட்டும்தானே. 1850-இல் அவர்கள் நடத்திய த ஜெர்ம் பத்திரிகையில் புனைபெயரில் எழுதினாள். அது நாலே இதழில் மூடிவிட்டார்கள். சிறுபத்திரிகை நடத்தி நொடித்துப்போவது எல்லா ஊரிலும் உண்டு போல. ஆனால் ஓவியர்களும் கவிகளும் ஒரே தாளில் எழுதியதால்தான் இந்த இயக்கத்தை ஓவியம் தனி, கவிதை தனி என்று பிரிக்க முடியாமல் இருக்கிறது.

வேப்பம்பூ:

கிறிஸ்டினாவுடைய கோப்ளின் மார்க்கெட் கவிதை படித்திருக்கிறீர்களா? 1862. குட்டிச்சாத்தான்கள் காலையும் மாலையும் பழக்கூடையைத் தூக்கிக்கொண்டு "வாங்க, வந்து வாங்க" என்று கூவிக்கொண்டு வருகின்றன. ஆப்பிள், எலுமிச்சை, ஆரஞ்சு, திராட்சை, மாதுளை, அத்தி என்று பட்டியல் போய்க்கொண்டே இருக்கும், சந்தையில் கூவுகிறவன் மூச்சு விடாமல் அடுக்குகிற அதே வேகம். லாரா என்கிற பெண்ணிடம் காசு இல்லை. பொன்னிற முடியில் ஒரு சுருளை வெட்டிக் கொடுத்துப் பழம் வாங்கித் தின்கிறாள். அதற்கப்புறம் அந்தக் கூவல் அவள் காதில் விழுவதே இல்லை, ஏங்கி ஏங்கித் தேய்கிறாள். கூடப்பிறந்த லிஸ்ஸி போய்க் காசைக் காட்டிப் பழம் கேட்கிறாள், சாத்தான்கள் பழத்தை முகத்தில் பிழிந்து தேய்க்கின்றன, அவள் வாயை இறுக்கி மூடிக்கொண்டு நின்று, அந்தச் சாறோடு ஓடிவந்து லாராவைப் பிழைக்கவைக்கிறாள். குழந்தைக் கதை என்று சொல்லிக் கொடுத்தால் குழந்தையும் படிக்கும், ராத்திரி நமக்குத் தூக்கம் வராது. அண்ணன் படங்களில் பெண்கள் சும்மா நிற்கிறார்கள், தங்கை கவிதையில் வேலை செய்கிறார்கள்.

மெழுகுவத்தி:

நான் வேறு பக்கத்திலிருந்து வருகிறேன். எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு இயேசு படம் இருந்தது. ராத்திரி, கையில் லாந்தர், ஒரு கதவைத் தட்டிக்கொண்டு நிற்பார். கீழே "இதோ, வாசற்படியிலே நின்று தட்டுகிறேன்" என்று வசனம். அப்பா சொல்வார், பார், வெளிப்பக்கம் கைப்பிடி இல்லை, உள்ளே இருக்கிறவன்தான் திறக்கணும். ஞாயிறுப் பள்ளியிலும் அதையே சொன்னார்கள். இது காலண்டர்க்காரன் வரைந்தது என்றே முப்பது வயதுவரை நினைத்திருந்தேன். ஹோல்மன் ஹன்ட் வரைந்த படம், 1853-இல் முடித்தது. பின்னாளில் அவரே இன்னொரு பெரிய பிரதி வரைந்து, அது 1905 முதல் 1907 வரை கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா என்று ஊர்வலம் போய்விட்டு இப்போது லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தில் இருக்கிறது.

மழைக்காகிதம் சொன்ன சர்ரே ஆற்றங்கரைக்கு மில்லேயோடு கூடப் போனவர் இந்த ஹன்ட்தான். பகலில் அவர் ஆற்றை வரைய, இவர் ராத்திரி நிலா வெளிச்சத்தில் பழத்தோட்டத்தில் உட்கார்ந்து இந்தப் படத்துக்கான பின்னணியை வரைந்திருக்கிறார். இரண்டும் ஒரே வருடம், ஒரே வட்டாரம். கதவில் படர்ந்திருக்கிற காய்ந்த செடியை ஒவ்வொரு இலையாகப் பார்த்தால் அந்த ஒற்றுமை தெரியும். தையல்கடை அண்ணன் காலண்டர் என்றது ஏச்சாக இருக்கலாம், எனக்கு அது ஏச்சாகப் படவில்லை.

தையல்கடை:

சரி, தோற்றேன், பாதி. மீதிப் பாதிக்குச் சண்டை போடுகிறேன். இணையத்தில் பிரீ-ராஃபேலைட் என்று தேடினால் முதலில் வருவது டென்னிசன் கவிதையில் வருகிற, படகில் போகிற ஷாலட் பெண். அதை வரைந்த வாட்டர்ஹவுஸ் 1849-இல்தான் பிறந்தார், குழு ஆரம்பித்த மறு வருடம். படம் 1888. மூலக் குழு 1853 வாக்கிலேயே கலைந்துவிட்டது, மில்லே அகாதமியில் சேர்ந்தாகிவிட்டது. எதை எதிர்த்தாரோ அதற்கே கடைசியில் தலைவரும் ஆனார். அவர் வரைந்த குமிழி ஊதும் பையனை சோப்பு விளம்பரத்துக்குப் போட்டார்கள். ஆக நீங்கள் எல்லாரும் புகழ்கிற புரட்சிக்கு வயது ஐந்து. அதற்கப்புறம் வந்தது எல்லாம் வியாபாரம்.

இன்னொன்றும் சொல்கிறேன், இதற்கு "நிலைத்த ஈர்ப்பு" எல்லாம் இல்லை. நடுவில் ஐம்பது அறுபது வருடம் இந்தச் சாமானைத் தொட ஆளில்லை. லார்ட் லெய்டன் வரைந்த ஆரஞ்சு உடைப் பெண் படத்தை (அவர் இந்தக் குழு இல்லை, அதே காலத்தவர்) லண்டன் கடை ஒன்றில் ஐம்பது பவுண்டுக்குப் பார்த்து, பிற்பாடு பெரிய இசையமைப்பாளரான ஆண்ட்ரூ லாயிட் வெப்பர் பள்ளிக்கூட வயதில் பாட்டியிடம் காசு கேட்டாராம். விக்டோரியக் குப்பை என் வீட்டுக்குள் வரக்கூடாது என்று பாட்டி சொல்லிவிட்டார். அந்தப் படம் புவேர்ட்டோ ரிக்கோ போய்ச் சேர்ந்தது.

பழையபேனா:

அதைத்தான் நானும் சொல்ல வந்தேன், செத்துப் பிழைத்த ஈர்ப்பு. 1960-களில் நீளமுடியும் பூப்போட்ட சட்டையும் வந்தபோது சுவரொட்டியாகத் திரும்பி வந்தது, 1984-இல் டேட் பெரிய கண்காட்சி வைத்தது, அதற்கப்புறம் இறங்கவே இல்லை.

வாட்டர்ஹவுஸைப் பற்றி ஒரு விஷயம். 2018 ஜனவரியில் மான்செஸ்டர் கலைக்கூடத்தில் அவருடைய ஹைலாஸும் நீர்த்தேவதைகளும் படத்தைச் சுவரிலிருந்து இறக்கி, பெண் உடம்பை இப்படிக் காட்டுவது சரியா என்று பார்வையாளர்களைக் கேட்டுத் தாள் ஒட்டினார்கள். சோனியா பாய்ஸ் என்கிற ஓவியரின் நிகழ்வின் ஒரு பகுதி அது. ஊரே கொதித்தது, ஒரு வாரத்தில் மறுபடி மாட்டிவிட்டார்கள். 122 வயதுப் படத்துக்கு இவ்வளவு கோபம் வருகிறது என்றால் அதற்குள் இன்னும் சூடு இருக்கிறது.

நூல்கண்டு:

துணி வியாபாரம் பண்ணுகிறவன், யாரும் வில்லியம் மாரிஸ் பக்கம் வரவில்லை என்பதால் நுழைகிறேன். ரோசெட்டியிடம் சீடனாகச் சேர்ந்தவர், பிற்பாடு திரைச்சீலை, சுவர்த்தாள் என்று போய்விட்டார். ஓவியம் அருங்காட்சியகத்தில் இருக்கும், மாரிஸ் வீட்டுக்குள் இருப்பார், இந்த இயக்கம் நிலைத்ததற்கு அதுதான் பெரிய காரணம் என்பது என் கட்சி. 1883-இல் போட்ட ஸ்ட்ராபெரித் திருடன் இன்றும் அச்சாகிறது. அவர் தோட்டத்தில் வலைக்கு அடியில் நுழைந்து பழம் திருடின பறவைகள்தான் அதில் இருப்பவை. அதை அடித்த விதம் சாதாரணம் இல்லை. முழுத் துணியையும் அவுரியில் முக்கி நீலமாக்கிவிட்டு, பூவும் பறவையும் வரவேண்டிய இடத்தில் நீலத்தை வெளுத்து எடுத்து, அந்த வெள்ளையில் அச்சுக்கட்டையால் சிவப்பையும் மஞ்சளையும் ஏற்றுவது. நாள்கணக்கில் வேலை. விலையும் அப்படியே, சமதர்மம் பேசினவர் துணி பணக்காரன் வீட்டில்தான் தொங்கியது, அது அவருக்கே உறுத்தியது.

அப்புறம் ஒரு ஆச்சரியம். மாரிஸ் கடைசிக் காலத்தில் கெல்ம்ஸ்காட் என்று அச்சகம் வைத்து 1896-இல் பழைய ஆங்கிலக் கவி சாசரின் கவிதைகளைப் பெரிய புத்தகமாகப் போட்டார். அந்த அச்சு எந்திரம் கைமாறிக் கைமாறி கொழும்பில் பிறந்த கலை அறிஞர் ஆனந்த குமாரசாமியிடம் வந்தது, சர் முத்து குமாரசாமியின் மகன். இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய தன் புத்தகத்தை 1908-இல் அதே எந்திரத்தில்தான் அச்சிட்டார்.

மெழுகுவத்தி:

இது தெரியவே தெரியாது. அதே குமாரசாமிதானே ரவிவர்மா படங்கள் நாடகத்தனம் என்று திட்டினவர்? ரவிவர்மா பிறந்ததும் 1848, இந்தக் குழு பிறந்த அதே வருடம்.

பழையபேனா:

அது வெறும் தேதி ஒற்றுமை, அதில் கோட்டை கட்டவேண்டாம்.

கூழாங்கல்:

இரண்டு நாளாக எல்லாவற்றையும் படித்தேன். அக்கா மகளோடு வீடியோவில் பேசும்போது தொட்டிக் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் உறையையே திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அந்தக்காவுக்கு அப்போ நிஜமாவே குளிருச்சா" என்றாள். அப்புறம் படத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு இரண்டு பேரும் தேடினோம். இடது மேல் மூலையில் கிளைமேல் ஒரு ராபின் குருவி உட்கார்ந்திருக்கிறது, நேரில் பார்த்தபோது எனக்குக் கண்ணில் படவே இல்லை. வேறு ஏதாவது ஒளிந்திருக்கிறதா?

மழைக்காகிதம்:

ஒரு தண்ணீர் எலி இருந்தது. ஒஃபீலியாவுக்குப் பக்கத்தில் நீந்துவதாக மில்லே வரைந்திருந்தார், உண்மையான எலியைப் பிடித்துவரச் செய்து. ஹன்ட்டின் உறவினர்கள் வந்தபோது இது என்ன சொல்லுங்கள் என்று கேட்டார். ஒருவர் முயல் என்றார், இன்னொருவர் நாய், பூனைவரை போனது. மில்லே அதை அழித்துவிட்டார். கித்தானின் மேல்மூலையில் அந்த எலியின் ஒரு கிறுக்கல் மட்டும் இன்னும் இருக்கிறது, ஆனால் தேடாதீர்கள், சட்டத்துக்கு அடியில் மறைந்திருக்கிறது.